டிபிஎஃப் விளக்கு எரிந்தால்: டீசல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் டீசல் இன்ஜின் வேலை பார்ப்பவன் நான். பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி செய்த வண்டிகள் வந்த பிறகு, வாரத்தில் நாலு பேராவது டிபிஎஃப் என்ற புகை ஃபில்டரைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விளக்கு ஃபில்டர் பெயரில் எரியும். கோளாறு பல நேரம் வேறு எங்கோ இருக்கும்.

டிபிஎஃப்னா என்ன சார்? என் வண்டியில இருக்கா?

டீசல் புகையில் வரும் கரித்தூளைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்தான் டிபிஎஃப். சைலன்சர் பைப்பில், இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உருண்டையான டப்பா மாதிரி இருக்கும். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னக் குழாய்கள். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஒன்றுக்கு முன்வாய் அடைப்பு, மற்றதற்குப் பின்வாய் அடைப்பு. அதனால் புகை நேராகப் போக முடியாது. பீங்கான் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். அந்தச் சுவரில் கரி தங்கிவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய டீசல் கார் என்றால் உங்கள் வண்டியில் டிபிஎஃப் இருக்கிறது. டீசலும் அப்போதே மாறியது. பிஎஸ்4 டீசலில் கந்தகம் 50 பிபிஎம் வரை இருக்கலாம், பிஎஸ்6 டீசலில் 10 பிபிஎம் வரைதான்.

கரி சேர்ந்துக்கிட்டே இருந்தா அடைச்சுக்காதா? யார் சுத்தம் பண்றது?

வண்டியே சுத்தம் செய்துகொள்ளும். பிடித்து வைத்த கரியை அங்கேயே எரித்துவிடும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர், நாங்கள் சுருக்கமாக ரீஜென் என்போம். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது புகையின் சூடே போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரி எரிந்துகொண்டே வரும்.

அந்தச் சூடு கிடைக்காத வண்டியில் கரி ஒரு அளவைத் தாண்டியதும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ தானாக வேலையைத் தொடங்கும். வழக்கமான டீசலோடு இன்னும் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். அது டிபிஎஃப்புக்கு முன்னால் உள்ள கேட்டலிஸ்ட்டில் எரிந்து, சூடு 600 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். 10 முதல் 20 நிமிடத்தில் கரி எரிந்து முடியும். வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே இது நடந்து முடிவதுதான் ஆரோக்கியமான வண்டிக்கு அடையாளம்.

ரீஜென் நடக்குறது தெரியவே தெரியாதா?

கவனித்தால் தெரியும். ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். மீட்டரில் அந்த நேரத்து மைலேஜ் சட்டென்று இறங்கும். சிக்னலில் தானாக அணையும் வசதி இருந்தால் அது வேலை செய்யாது. வண்டியை நிறுத்தியதும் ஃபேன் உறுமிக்கொண்டே இருக்கும், சூட்டு வாடையும் வரும். இதைப் பார்த்துப் பயந்து ஓவர்ஹீட் என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறைய பேர். டெம்பரேச்சர் முள் சரியாக இருந்தால் பயம் வேண்டாம். முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

டிபிஎஃப் விளக்கு எரியுது. ஓரமா நிறுத்திடணுமா?

அந்த ஒரு விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால் நிறுத்தக் கூடாது, ஓட்ட வேண்டும். போக்குவரத்து குறைந்த சாலைக்குப் போய், ஒரு கியர் குறைத்து, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து, 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை போய்வந்தால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். உங்கள் வண்டிக்கு எந்த வேகம் என்பது ஓனர்ஸ் மேனுவலிலேயே இருக்கும். அதில் உள்ளதே கடைசி வார்த்தை.

அதோடு இன்ஜின் செக் விளக்கும் சேர்ந்து எரிகிறது, அல்லது டிபிஎஃப் விளக்கு மினுக்குகிறது, பிக்கப் செத்துப்போய் வண்டி குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுக்கிறது என்றால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. மிரட்டி ஓட்டாமல், இசியூவில் பதிந்திருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவி உள்ள ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.

சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டினா டீசல் கார் வாங்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர், அங்கிருந்து கடைக்கு 2 கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் இன்ஜினே முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ரீஜென் தொடங்கும்போதே வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவீர்கள். இப்படி நாலைந்து முறை பாதியில் நின்றால் கரி ஏறிக்கொண்டே போகும். ஏசிக்காக மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டிகளும் இதே கணக்குதான். டிரைவரை உட்கார வைத்துவிட்டு கல்யாண மண்டபத்துக்குள் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

ஆனால் தினமும் நகரத்துக்குள் ஓடினாலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நல்ல சாலையில் ஓடும் வண்டிகள் வருடக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நகரத்தில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்தை வைத்துச் சோதனையை முடித்துவிடக் கூடாது.

நீங்க சொன்ன மாதிரி ஒரு மணி நேரம் ஹைவேல ஓட்டிட்டேன். விளக்கு அணையவே இல்லை. ஏன்?

ரீஜென் தொடங்க வேண்டுமென்றால் இசியூவுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. டேங்க்கில் போதிய டீசல் இருக்க வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகள் தொடங்கவே தொடங்காது. வேறு கோளாறுக் குறியீடு பதிந்திருந்தாலும், அதாவது இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), இன்ஜெக்டர், டர்போ, சூடு அளக்கும் சென்சார் எதிலாவது, ரீஜென் தடைபடும். நீங்கள் ராமேஸ்வரம் வரை ஓட்டினாலும் அணையாது.

அடுத்தது கூலன்ட் சூடு. நல்ல இன்ஜின் 85, 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஸ்கேனரில் பார்த்தால் சில வண்டிகள் ஹைவேயிலும் 65-ஐத் தாண்டாது. கூலன்ட் ஓட்டத்தை மூடித் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் யாரோ கழற்றியே எறிந்திருப்பார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழைய பழக்கம் இன்னும் சாகவில்லை. அந்தக் காலத்து இன்ஜின் பொறுத்துக்கொண்டது. டிபிஎஃப் உள்ள வண்டியில் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று இசியூ நினைத்துக்கொண்டே இருக்கும், ரீஜென்னைத் தொடங்காது. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக ஒரு லட்ச ரூபாய் ஃபில்டர் அடைபட்டதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

மெக்கானிக் ஸ்கேன் பண்ணி "பி2463 வருது, ஃபில்டர் போச்சு, மாத்தணும்"னு சொல்றார். நம்பலாமா?

பி2463 என்றால் கரி அதிகம் சேர்ந்துவிட்டது என்று இசியூ கணக்குப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்தக் கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடு என்று நாங்கள் சொல்வதை, படித்துவிட்டுப் பாகத்தை மாற்றுவது சோதனை ஆகாது. கூடவே வேறு என்ன கோடுகள் இருக்கின்றன என்று கேளுங்கள். பி0401 இருந்தால் இஜிஆரில் ஓட்டம் போதவில்லை. பி2452 இருந்தால் பிரஷர் சென்சார் மின்சுற்றில் பிரச்சினை. பி242எஃப் இருந்தால் சாம்பல் நிறைந்துவிட்டது என்று கணக்கு (கரி வேறு, சாம்பல் வேறு, கீழே சொல்கிறேன்).

கோடுக்கு அடுத்து லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் எண்களை, பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் கரி அளவு இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, ஓடிய விதத்தை வைத்து இசியூ மனக்கணக்காகப் போட்டது. இன்னொன்று, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து அளந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் உண்மையிலேயே கரி இருக்கிறது. மனக்கணக்கு மட்டும் எகிறி, அளந்தது குறைவாக இருந்தால் ரீஜென் பலமுறை பாதியில் நின்றிருக்கும், அல்லது பிரஷர் ஹோஸில் ஒழுகல். அளந்தது மட்டும் அதிகம் என்றால் சாம்பல், அல்லது சென்சார் பொய் சொல்கிறது. கடைசியாக ரீஜென் முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் பாருங்கள். நல்ல வண்டியில் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கும். 100 கிலோமீட்டருக்குள் திரும்பத் திரும்ப நடந்தால் எங்கிருந்தோ கரி அதிகமாக வருகிறது.

சென்சார் எப்படிப் பொய் சொல்லும்? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எனக்குத் தெரிந்து மிகவும் பயனுள்ள சோதனை இதுதான், இதற்குச் செலவும் இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் டிபிஎஃப் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். புகையே இல்லாதபோது வித்தியாசம் எப்படி இருக்கும்? பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மில்லிபார் முன்னே பின்னே இருக்கலாம். 15, 20 என்று காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது. அந்தப் பொய்யான 20-ஐ நம்பித்தான் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று இசியூ சொல்லிக்கொண்டிருக்கும்.

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து முழுச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஐடிலில் நல்ல ஃபில்டர் ஒற்றை இலக்க மில்லிபார்தான் காட்டும். நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம் கொடுத்தால் பெரும்பாலான கார்களில் 30, 40-க்குள் இருக்கும். 100-ஐ நெருங்கினால் அடைப்பு உண்மை. வண்டிக்கு வண்டி எண் மாறும், சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள்: சில ஸ்கேனர்கள் கிலோபாஸ்கலில் காட்டும். 1 கிலோபாஸ்கல் என்பது 10 மில்லிபார். 1.2 என்று பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டாலும் தப்பு, 12 என்று பார்த்து அலகை மாற்றிப் புரிந்துகொண்டு ஃபில்டர் போச்சு என்றாலும் தப்பு.

எண்ணைவிட அது நடந்துகொள்ளும் விதம் முக்கியம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உடனே ஏற வேண்டும், விட்டால் உடனே இறங்க வேண்டும். மந்தமாக ஏறி மந்தமாக இறங்கினால் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் கரியால் அடைத்திருக்கிறது. ஏறவே ஏறாவிட்டால் முன்பக்க ஹோஸ் வெடித்திருக்கலாம். மைனஸில் காட்டினால் இரண்டு ஹோஸையும் யாரோ மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். போன வருடம் ஃபில்டர் மாற்ற எஸ்டிமேட் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். சாவி போட்டதும் 22 காட்டியது. சென்சார் மாற்றி, அந்தப் புது சென்சாரை இசியூ ஏற்றுக்கொள்ள ஸ்கேனரில் அடாப்டேஷன் செய்து அனுப்பினேன். அதே பழைய ஃபில்டரோடு வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சூடு அளக்கும் சென்சாரையும் இப்படிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி மட்டும் போடுங்கள். புகைக்குழாயில் உள்ள எல்லா டெம்பரேச்சர் சென்சாரும் வெளியில் உள்ள சூட்டையே ஏறக்குறைய காட்ட வேண்டும். மூன்று சென்சார் 29, 30, 31 என்று காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால், குற்றவாளி தானே கை தூக்கிவிட்டது. டர்போ அழுத்த சென்சாரும் அதே நேரத்தில் காற்று மண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 1000 மில்லிபாரை ஒட்டி இருக்கும். ஊட்டியில் பார்த்தால் 780 பக்கத்தில் காட்டும், அது கோளாறு இல்லை, மலை உயரம்.

போன வருஷம் புது டிபிஎஃப் போட்டேன். ஆறு மாசத்துல திரும்ப அடைச்சிடுச்சு. டூப்ளிகேட் பொருளா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஜினை. டிபிஎஃப் குப்பைத்தொட்டி மாதிரி. தொட்டி தினமும் நிறைந்தால் தொட்டியை மாற்றிப் பயனில்லை, யார் குப்பை போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் காற்று. ஏர் ஃபில்டர் மண்ணடைந்திருந்தாலும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கீறியிருந்தாலும் இன்ஜினுக்குக் காற்று குறையும், டீசல் முழுதாக எரியாமல் கரி கொட்டும். முன்பெல்லாம் இந்த ஹோஸ் கிழிந்தால் கரும்புகை பார்த்தே சொல்லிவிடுவோம். இப்போது டிபிஎஃப் அந்தப் புகையை விழுங்கிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஹோஸ் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் விசில் மாதிரிச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து இஜிஆர் வால்வு மூடாமல் மாட்டியிருக்கிறதா. பிறகு இன்ஜெக்டர்: ஸ்கேனரில் நாலு சிலிண்டருக்கும் இசியூ செய்யும் டீசல் திருத்த அளவு தெரியும். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட வேண்டும். டர்போ சீல் தேய்ந்து ஆயில் ஒழுகினால் இன்னும் மோசம், ஏனென்றால் ஆயில் சாம்பலையும் சேர்த்துத் தருகிறது.

எல்லாம் சரியென்றால் இதைக் கேளுங்கள்: புது ஃபில்டர் போட்டபோது ஸ்கேனரில் பழைய சாம்பல் கணக்கை அழித்தார்களா? அழிக்காவிட்டால் புது ஃபில்டரையும் பழையது என்றே இசியூ நினைத்துக்கொள்ளும். சில வண்டிகளில் மீண்டும் விளக்கு எரிய இந்த ஒரு காரணமே போதும்.

கரி, சாம்பல்னு ரெண்டு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கரி டீசலிலிருந்து வருகிறது, எரித்தால் போய்விடும். சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்களிலிருந்து வருகிறது. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள், எத்தனை ரீஜென் செய்தாலும் போகாது. அடுப்பில் விறகு எரிந்தாலும் சாம்பலை நாம்தானே அள்ளுகிறோம், அதே கதை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நன்றாக ஓடிய வண்டியில் ஃபில்டர் மெல்ல மெல்ல நிறைவதற்குக் காரணம் இதுதான்.

அதனால்தான் டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்ற வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 போன்ற குறியீடு இருக்கும். எது என்று மேனுவலில் பாருங்கள். கிரேடு 5டபிள்யூ-30 என்று ஒத்துப்போனால் மட்டும் போதாது, அந்த சி குறியீடும் ஒத்துப்போக வேண்டும்.

டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் ஏறிக்கிட்டே வருது. ஆயில் குடிக்கலைன்னு சந்தோஷப்படலாமா?

வேண்டவே வேண்டாம். ரீஜென்னுக்காகத் தாமதமாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் படிந்து கீழே ஆயிலில் இறங்குகிறது. ரீஜென் முழுதாக முடிந்தால் இது கொஞ்சம்தான். பாதிப் பாதியாக நின்றால் அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்கும் டர்போவும் தேயும். மேக்ஸ் கோட்டைத் தாண்டிவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயிலை மாற்றிவிட்டுத்தான் எந்தச் சோதனையும், ஒர்க்ஷாப் ரீஜென்னும் செய்ய வேண்டும்.

ஒர்க்ஷாப்ல நிக்க வச்சே ரீஜென் பண்றாங்களே, அது நல்லதா?

தேவைப்பட்டால் நல்லது. ஆனால் காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் செய்ய வேண்டும், கரி அளவு தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்பைத் தாண்டியிருந்தால் செய்யவே கூடாது. கரி அளவுக்கு மீறி நிறைந்த ஃபில்டரில் தீ வைத்தால் உள்ளே சூடு கட்டுப்பாடு இழந்து பீங்கான் விரிசல் விடும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, அடியில் காய்ந்த புல், குப்பை, எண்ணெய்த் துணி இல்லாமல் பார்த்து, ஆள் பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டும்.

கழற்றி வாட்டர் வாஷ் பண்ணித் தர்றாங்க. பண்ணலாமா?

சாம்பல் நிறைந்த ஃபில்டருக்கு முறையான சுத்தம் உண்டு. அதற்கென்றே உள்ள இயந்திரத்தில், வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் காற்றும் நீரும் செலுத்துவார்கள், அல்லது அடுப்பில் சுட்டு ஊதுவார்கள். முன்னும் பின்னும் அழுத்தம் அளந்து காட்டினால் நம்பிக் கொடுக்கலாம். கார் கழுவும் பிரஷர் கன்னை வைத்து அடிப்பதும், ஆசிட்டில் ஊற வைப்பதும் கூடாது. சுவரில் பூசியுள்ள விலை உயர்ந்த உலோகப் பூச்சு கரைந்துபோகும்.

ஆட்ப்ளூ ஊத்தினா டிபிஎஃப் சுத்தமாகுமா?

ஆகாது. ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசல் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, அது வேறு அமைப்பு, வேறு டேங்க். தப்பித் தவறிக்கூட டீசல் டேங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிவிட்டால் சாவியைப் போடாமல் டோ செய்யுங்கள்.

இவ்ளோ தொந்தரவு எதுக்கு? டிபிஎஃப்பை எடுத்துட்டு சாஃப்ட்வேர் மேப் பண்ணிக்கிட்டா என்ன?

நான் செய்து தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக மாற்ற முடியாது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கரித்தூள் நுரையீரலின் அடி வரை இறங்கக்கூடிய அளவு நுண்ணியது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-ல் உறுதிசெய்தது. உங்கள் வண்டிக்குப் பின்னால் பைக்கில் குழந்தையோடு ஒருவர் வருகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. கிழிந்த ஹோஸ், ஒழுகும் இன்ஜெக்டர் எல்லாம் ஃபில்டரை எடுத்த பிறகும் அப்படியேதான் இருக்கும். ஒழுகும் இன்ஜெக்டர் ஒருநாள் பிஸ்டனையே ஓட்டை போடும்.

செகண்ட்ஸ்ல பிஎஸ்6 டீசல் பார்த்து வச்சிருக்கேன். விளக்கு எதுவும் எரியல. வாங்கலாமா?

சைலன்சர் முனைக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக உள்ள டீசலில் பைப் உள்பக்கம் சாம்பல் நிறமாக, கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். மை மாதிரிக் கரி ஒட்டினால் ஃபில்டர் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டியிருக்கிறார்கள்.

எது என்று ஸ்கேனர் சொல்லும். மேலே சொன்ன அழுத்தச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். 2500 ஆர்பிஎம்மிலும் வித்தியாசம் ஒன்று, இரண்டிலேயே நின்றால் புகைக்குத் தடையே இல்லை. விரிசல் என்றால் பி2002 பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். டிபிஎஃப்பை எடுத்துவிட்டு இசியூ சாஃப்ட்வேரை மாற்றிய, அதாவது மேப் செய்த வண்டியில் கோடும் வராது, கரி அளவு எப்போதும் பூஜ்யமாகவோ ஒரே எண்ணிலோ உறைந்திருக்கும். இன்ஜின் செக் விளக்கு சாவி போட்டதும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள், பல்பையே பிடுங்கியவர்களும் உண்டு. விற்பவர் ஸ்கேனர் போட விடமாட்டேன் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.